மலையரசன் உப்புக்கு எங்கே போனான்?

மிகுபுனைவு எழுதக் கிளம்புகிறவர்கள் பலரும் ஆசையோடு ஒரு மலை நாட்டைக் கட்டுகிறார்கள். வரைபடத்தில் நாலாபக்கமும் சிகரங்களை நிறுத்துகிறார்கள். நடுவில் பச்சைப் பள்ளத்தாக்கு, ஒரே ஒரு கணவாய், அதையும் பாதி வருடம் பனி மூடிவிடும். உள்ளே இருப்பவர்கள் ஆயிரம் ஆண்டுகளாக மாறாதவர்கள், பொய் பேசத் தெரியாதவர்கள், எவரிடமும் எதற்கும் கையேந்தாதவர்கள். அரசன் நீதிமான், முதியவன், வெண்தாடிக்காரன். கதை நகர வேண்டுமென்றால் தொல்லை ஒன்று வந்தாக வேண்டும். ஆகவே வடக்கே எங்கோ ஓர் இருள் கண்விழித்து, படை திரட்டிக்கொண்டு புறப்படுகிறது.

இதற்குப் பின்னால் ஒரு கொள்கை இருக்கிறது. மலை என்பது வேலி. வேலிக்குள் இருப்பது தன்னிறைவும் தூய்மையும். தொல்லை எப்போதும் வெளியிலிருந்து வருவது. கதையுலகைக் கட்டச் சொல்லித்தருகிறவர்கள் இந்த மூன்றையும் கேள்வியே கேட்காமல் கடந்துபோகிறார்கள். மூன்றுமே தவறு என்கிறேன். அடுத்தவனை நம்பிப் பிழைப்பதில் மலை நாட்டை மிஞ்ச ஆளில்லை. அதன் தொல்லைகள் எல்லாம் அந்தச் சார்பிலிருந்துதான் பிறக்கின்றன. அதை விட்டுவிட்டு எழுதினால் கதையில் பனி பெய்யும், நாடு இருக்காது.

மூடிய பள்ளத்தாக்குக் கனவு இன்றைய வடிவில் பரவியதற்கு ஜேம்ஸ் ஹில்டன் 1933இல் எழுதிய ‘லாஸ்ட் ஹொரைசன்’ முக்கியக் காரணம். ஷாங்ரி-லா என்ற பெயரை உலகுக்குத் தந்தது அந்த நாவல்தான். 1937இல் ஃபிராங்க் காப்ரா அதைப் படமாக்கினார். அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் தன் மலை ஓய்வில்லத்துக்கே அந்தப் பெயரைச் சூட்டினார். இன்று கேம்ப் டேவிட் எனப்படுவது அதுதான். பெயரை அறிந்தவர்கள் கோடிப்பேர், நாவலைப் படித்தவர்கள் சொற்பம் என்று நினைக்கிறேன். படித்திருந்தால் அந்தக் குளியல் தொட்டி கண்ணில் பட்டிருக்குமே! எவரும் எட்ட முடியாத அந்த மடாலயத்தில் இருக்கும் பச்சைப் பீங்கான் தொட்டி அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகரில் செய்யப்பட்டது. அதை மலைமேல் ஏற்றியவர்கள் சுமைகூலிகள். விலை கொடுக்கப் பள்ளத்தாக்கில் தங்கம் கிடைக்கிறது. அந்த மடாலயத்தை ஆளும் பெரிய லாமா யார் தெரியுமா? லக்ஸம்பர்க்கிலிருந்து வந்த ஒரு கப்புச்சின் பாதிரியார். கீழே வயலில் குனிந்து நிற்பவர்கள்தான் உள்ளூர்க்காரர்கள். ஹில்டன் கனவு கண்டார்தான், ஆனால் கனவின் வரவு செலவையும் எழுதி வைத்திருந்தார்.

டோல்கினும் அப்படியே. ‘ஹாபிட்’ நாவலில் தோரின் தன் பாட்டன் காலத்துப் பெருமையைச் சொல்லும்போது, குள்ளர்கள் உணவை விளைவிக்க ஒருநாளும் மெனக்கெட்டதில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறான். மலைக்கடியில் இருந்த டேல் நகரத்து மனிதர்களுக்குக் கைவினைப் பொருள்களைக் கொடுத்துச் சோறு வாங்கினார்கள். டிராகன் வந்து மலையை மட்டும் பிடித்துக்கொள்ளவில்லை, அந்தச் சந்தையையும் அழித்தது. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ஈரி கோட்டை வானத்தைத் தொடும் உயரத்தில் நிற்கிறது. குளிர்காலம் வந்தால் அங்கே உணவு ஏற்ற முடியாமல் எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டு கீழே இறங்கிவிடுகிறார்கள். பெரியவர்கள் மளிகைக் கணக்கோடுதான் மலை ஏறினார்கள். பின்னால் வந்த கூட்டம் கணக்கைக் கீழேயே போட்டுவிட்டு ஏறியது.

நிஜ மலை அரசு ஒன்றைப் பார்ப்போம். மனிதருக்கு உப்பு வேண்டும், ஆடுமாடுகளுக்கும் வேண்டும். இமயத்தின் வடக்கே திபெத்திய மேட்டுநிலத்தில் உவர் ஏரிகள் உண்டு, தானியம் போதாது. தெற்கே தானியம் உண்டு, கடல் வெகுதூரம். இந்த இரண்டு பற்றாக்குறைகளுக்கும் நடுவே, அன்னபூர்ணாவுக்கும் தவளகிரிக்கும் இடையில் காளி கண்டகி ஆறு ஒரு வழியை அறுத்து வைத்திருக்கிறது. எட்டாயிரம் மீட்டரைத் தாண்டிய இரண்டு சிகரங்களுக்கு நடுவில் இப்படி ஒரு வழி கிடைத்தால் அங்கே ஒரு ராஜா முளைக்காமல் என்ன செய்வார்? அமே பால் நிறுவிய லோ அரசு, நாம் முஸ்தாங் என்று சொல்வது, அந்த வழியின் மேல்முனையில் உட்கார்ந்திருந்தது. உப்பு யாக்குகளின் முதுகிலும், சிறுசிறு பைகளாகச் செம்மறியாடுகளின் முதுகிலும் இறங்கியது. தானியம் ஏறியது. வடக்கே போகப் போகத் தானியத்துக்கு மதிப்பு, தெற்கே வர வர உப்புக்கு மதிப்பு. லோ மந்தாங் நகரின் மண் மதில்களையும் மடாலயங்களையும் அந்த வித்தியாசம்தான் தாங்கி நின்றது.

அந்த அரசின் தொல்லைகளைப் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அது கூர்க்கா ஆட்சிக்குக் கப்பம் கட்டும் நிலைக்கு வந்தது. அடுத்த நூற்றாண்டில் கத்மாண்டு அரசு உப்புச் சுங்கத்தைக் குத்தகைக்கு விட்டது. தெற்கே துக்குச்சேயில் இருந்த தகாலி வணிகர்கள் அதை எடுத்தார்கள், சுப்பா என்று பட்டம் கட்டிக்கொண்டார்கள். ராஜா அரண்மனையிலேயே இருந்தார், அதிகாரம் ஆற்றோடு இறங்கிக் குத்தகைதாரர் வீட்டுத் திண்ணைக்குப் போய்விட்டது. ஒரு வாள்கூட உருவப்படவில்லை. பிறகு இன்னொரு எதிரி வந்தான்: இந்தியக் கடலோரத்து மலிவு உப்பு. 1959க்குப் பிறகு திபெத் எல்லை இறுகியது. 1960 முதல் 1974 வரை திபெத்தியக் கம்பா கெரில்லாக்கள் அந்தப் பகுதியை முகாமாக்கிக்கொண்டார்கள். மேல் முஸ்தாங் 1992 வரை வெளிநாட்டுப் பயணிகளுக்கு அடைக்கப்பட்டிருந்தது. திறந்தபோது நுழைவதற்குக் கட்டணம் வைத்தார்கள். 2008இல் நேபாளம் குடியரசானதும் ராஜா பட்டமும் போயிற்று. ‘காலம் தொடாத, உலகறியாத அரசு’ என்று வண்ணப்படப் புத்தகங்கள் உருகுவது இந்த நாட்டைப் பார்த்துத்தான். உலகம் காலங்காலமாக நடந்துபோன ஒரு பெருவழி அது. அதை அடைத்தது இமயமலையல்ல, 20ஆம் நூற்றாண்டின் அரசாணைகள்.

உப்பு அலுக்கிறது என்கிறீர்களா? சரி, நாணயத்துக்கு வருவோம். கத்மாண்டுப் பள்ளத்தாக்கின் மல்ல அரசர்கள் திபெத்துக்கு வெள்ளி நாணயம் அடித்துக் கொடுத்து வந்தார்கள். வெள்ளி அங்கிருந்து வரும், நாணயம் இங்கிருந்து போகும், இடையில் லாபம். பிற்பாடு வந்த மல்லர்கள் வெள்ளியில் செம்பைக் கலந்தார்கள். கூர்க்கா அரசர் பிருதிவி நாராயண் ஷா அந்தப் பள்ளத்தாக்கின் வழிகளை ஆண்டுக்கணக்கில் அடைத்துப் பட்டினி போட்டு, 1768இல் கத்மாண்டுவைப் பிடித்தார். (‘வேலி’ என்று நாம் போற்றும் மலைதான் அங்கே சுருக்குக் கயிறானது.) புதிய ஆட்சி நல்ல நாணயம் அடித்தது, பழைய கள்ள வெள்ளியைக் குறைந்த மதிப்புக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்றது. நஷ்டம் யாருக்கு? திபெத்தார் மறுத்தார்கள். சச்சரவு முற்றி 1788இல் கூர்க்காப் படை எல்லை கடந்தது. 1791இல் மறுபடி போய் ஷிகாட்சேயின் தாஷிலுன்போ மடாலயத்தைச் சூறையாடியது. 1792இல் சீனத்துச் சிங் பேரரசின் படை திபெத்தைக் கடந்து கத்மாண்டுவை நெருங்கியது. அந்தப் போர் முடிந்த சூட்டோடு லாஸாவின்மீது பேரரசின் பிடி இறுகியது; மறுபிறவி லாமாக்களைத் தேர்ந்தெடுக்கத் தங்கக் கலசத்தில் சீட்டுப் போடும் முறை 1793இல் விதிக்கப்பட்டது. செம்பு கலந்த காசில் ஆரம்பித்த தகராறு, ஒரு மதத்தின் தலைவரை யார் தேர்ந்தெடுப்பது என்பதில் போய் முடிந்திருக்கிறது. எந்த இருண்ட தேவன் இவ்வளவு நேர்த்தியாகக் கதை பின்னுவான்?

பூட்டானிலும் கதைக்குப் பஞ்சமில்லை. நாட்டை ஒன்றாக்கிய ஷப்துருங் நவாங் நம்கியால் 1651இல் இறந்தார். அவர் தனிமைத் தவத்தில் இருக்கிறார் என்று அறிவித்து, ஏறத்தாழ அரை நூற்றாண்டு அந்த மரணத்தை மறைத்து வைத்தார்கள். ஆணைகள் அவர் பெயரிலேயே வெளிவந்தன. வாரிசுச் சிக்கல், திபெத்தின் படையெடுப்பு அச்சம், உள்ளூர்க் கோட்டைத் தலைவர்களின் போட்டி எல்லாம் அந்த ஒரு மூடிய கதவுக்குப் பின்னால் இருந்தன. அந்தக் கதவருகே தினமும் காவல் நின்றவனை வைத்தே ஒரு நாவல் எழுதலாம். யாரும் எழுதக் காணோம். அதே பூட்டானின் செழிப்புக்கு மலை மட்டும் காரணமில்லை. அடிவாரத்துத் துவார்ச் சமவெளிகளும் காரணம். 1864-65 போரில் ஆங்கிலேயர் அவற்றைப் பறித்துக்கொண்டு, சிஞ்சுலா உடன்படிக்கையில் ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை தருவதாக எழுதிக் கொடுத்தார்கள். அதன் பிறகு மலைக்கோட்டைகளில் நடந்த அதிகாரப் போட்டியில் அந்தப் பணம் யார் கையில் சேருகிறது என்பதும் ஒரு கேள்வி.

இங்கே தமிழ் வாசகர் ஒருவர் எழுந்து பாரியின் பறம்பைக் காட்டுவார். நியாயமான ஆட்சேபம், உள்ளதில் வலுவானதும்கூட. புறநானூற்றின் 109ஆம் பாட்டில் கபிலர், மூவேந்தரும் முற்றுகையிட்டாலும் பறம்பு அசையாது என்கிறார். உழாமலே நான்கு விளைவு அங்கே உண்டு: மூங்கில் நெல், பலா, வள்ளிக் கிழங்கு, தேன். தன்னிறைவுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பாட்டு யாரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். முற்றுகையிட்டு நிற்கும் எதிரியிடம், ‘நீ எத்தனை நாள் நின்றாலும் எங்களுக்குப் பசிக்காது’ என்று சொல்வது போர்த் தந்திரம். சரக்கறைக் கணக்கை யாராவது எதிரியிடம் ஒப்பிப்பார்களா? அகநானூறோ வேறொரு நினைவைக் காத்து வைத்திருக்கிறது: முற்றுகை நாளில் பறவைகள் வெளியே பறந்துபோய் நெற்கதிர் கொண்டுவந்து கொடுத்தன என்று. மூங்கில் நெல்லும் பலாவும் போதுமென்றால் அந்தப் பறவைகளுக்கு என்ன வேலை? கடைசியில் பறம்பு வீழ்ந்தது. வீழ்ந்த பிறகு பாரி மகளிர் குப்பைமேட்டில் ஏறி நின்று, போகிற உமணரின் உப்பு வண்டிகளை எண்ணுவதாகக் கபிலரே 116ஆம் பாட்டில் காட்டுகிறார். மலை அரசின் அழிவைப் பாட வந்தவர் பார்வையில் உப்பு வண்டி தப்பவில்லை. இன்று பறம்பை முன்மாதிரியாக வைத்து மலை நாடு கட்டுகிறவர்கள் 109ஐ மனப்பாடம் செய்துவிட்டு 116ஐப் புரட்டாமல் விட்டுவிடுகிறார்கள்.

இன்னொரு ஆட்சேபம் உண்டு, இது சோம்பேறித்தனமானது. ‘மந்திரம் இருக்கும் உலகில் உப்புக் கணக்கு எதற்கு? கற்பனையைக் கொல்லாதீர்கள்.’ மந்திரத்தைத் தாராளமாகச் சேருங்கள். உங்கள் சூனியக்காரி கைதட்டினால் உப்பு கொட்டும் என்றே வைத்துக்கொள்வோம். அன்றைக்கே ஆட்டின் முதுகில் உப்புப் பை கட்டியவர்கள் பிழைப்பை இழக்கிறார்கள், சுங்கச்சாவடி காலியாகிறது, அரசனுக்குக் காவலர் சம்பளம் கொடுக்கப் பணமில்லை. அந்தச் சூனியக்காரியைக் கொல்ல முதலில் ஆள் அனுப்புவது இருளின் தலைவனாக இருக்காது, நீதிமான் என்று நீங்கள் எழுதிய அந்த வெண்தாடி அரசனாகத்தான் இருக்கும். மந்திரம் வந்தால் கணக்கு மாறும், ஒழிந்துபோகாது. ஃபிராங்க் ஹெர்பர்ட் 1965இல் ‘ட்யூன்’ எழுதியபோது பாலைவனக் கிரகம் ஒன்றில் கிடைக்கும் ஒற்றைச் சரக்கை வைத்து ஒரு பேரரசையே ஆட்டிவைத்தார். அதைப் படித்து யாருடைய கற்பனையும் செத்ததாகத் தெரியவில்லை.

ஜேம்ஸ் சி. ஸ்காட் 2009இல் வெளியிட்ட நூலில், தென்கிழக்காசியாவின் மலைகளில் வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் சமவெளி அரசுகளின் வரிக்கும் கட்டாய வேலைக்கும் தப்பி ஏறியவர்கள் என்று வாதிட்டார். அவருடைய வாதத்தில் சண்டை போட இடமுண்டு. ஆனால் அது நம் மிகுபுனைவாளர்களைப் பார்த்துக் கேட்காமல் கேட்கும் கேள்வி சரியானது: மலையில் ஏன் ஒரு அரசன் இருக்கிறான்? நெல் வயலைப் போல மலைச்சரிவை அளந்து வரி போட முடியாது. மக்கள் அடுத்த பள்ளத்தாக்குக்கு ஓடிவிடுவார்கள். அப்படியிருந்தும் ஒருவன் தலையில் கிரீடம் ஏறியிருக்கிறது என்றால், யாரும் சுற்றிக்கொண்டு போக முடியாத ஏதோ ஒன்று அவன் கைப்பிடியில் இருக்கிறது. கணவாய், பாலம், வாய்க்கால் மதகு, கோவில் என எதுவாகவும் இருக்கலாம். எழுதுகிறவருக்கு அது என்னவென்று தெரியாவிட்டால், அவருடைய அரசன் வேடம் கட்டிய ஆள் மட்டுமே.

வெளியிலிருந்து தொல்லை வர வேண்டிய தேவையே இல்லாத அளவுக்கு வீட்டுக்குள்ளும் கிடக்கிறது. நிலம் கொஞ்சம், பங்கு பிரித்தால் யாருக்கும் மிஞ்சாது. லடாக்கிலும் திபெத்திலும் அண்ணன் தம்பிகள் சேர்ந்து ஒருத்தியை மணந்தார்கள், நிலம் உடையாமல் இருக்க. கடைசிப் பையனை மடாலயத்துக்கு அனுப்பினார்கள். மணமாகாமல் மிஞ்சிய பெண்கள் என்ன ஆனார்கள்? மலை நாட்டுக் கதைகளில் அவர்கள் கண்ணிலேயே படுவதில்லை. லடாக் கிராமங்களில் பனி உருகிய நீர் எந்த வயலுக்கு எப்போது போக வேண்டும் என்று முறை வைக்க சுர்பொன் என்று ஒருவர் உண்டு. விதைக்கும் காலத்தில் தளபதியைவிட அவர் சொல்லுக்கு எடை அதிகம். ஸ்விட்சர்லாந்தின் மலை மாகாணங்கள் பல நூற்றாண்டுகள் தங்கள் இளைஞர்களைக் கூலிப்படையாக ஏற்றுமதி செய்தன. போப்பின் ஸ்விஸ் காவல்படை 1506இல் தொடங்கியது, இன்றும் நிற்கிறது. 1815 முதல் கூர்க்காக்கள் ஆங்கிலேயப் படையில் சேர்ந்தார்கள். மகன்களை விற்றுத் தானியம் வாங்கும் நாட்டில் எந்தத் தாய் வீரகாவியம் பாடுவாள்?

கழுத்தையும் பாருங்கள். அயோடின் குறைந்த மலை மண்ணில் முன்கழுத்துக் கழலை ஊர்ஊராக இருந்தது, ஆல்ப்ஸிலும் இமயத்திலும். ஸ்விட்சர்லாந்து 1922இல்தான் உப்பில் அயோடின் கலக்க ஆரம்பித்தது. நான் படித்த மலை நாட்டு மிகுபுனைவு எதிலும் ஒரு இளவரசிக்குக்கூட கழுத்து வீங்கியதில்லை. எல்லோரும் சங்குக் கழுத்துக்காரர்கள்.

இது வெறும் அழகியல் சண்டை என்றால் இவ்வளவு நீட்டி எழுத மாட்டேன். மலைக்காரன் மாறாதவன், கள்ளமில்லாதவன், உலகம் தெரியாதவன் என்ற படம் சமவெளிக்காரன் வரைந்தது, அவனுக்கு வசதியானது. கள்ளமில்லாதவனுக்காக நாம்தான் முடிவெடுக்க வேண்டும். மாறாதவனுக்குச் சாலையும் பள்ளியும் எதற்கு. அவன் ஊர் நம் விடுமுறைக்கு அப்படியே இருக்கட்டும். யுன்னானில் ஜோங்டியன் என்ற மாவட்டத்துக்கு 2001இல் சீன அரசு ஷாங்ரி-லா என்றே பெயர் மாற்றியது. ஓர் ஆங்கில நாவலாசிரியர் கற்பனையில் செய்த இடத்தின் பெயரை நிஜமான மக்கள் தங்கள் ஊர்ப்பெயராகச் சுமக்கிறார்கள், பயணிகள் வர வேண்டும் என்பதற்காக. ஹுன்சாவிலும் இதுதான். நூறு வயதைத் தாண்டிய ஆரோக்கிய மனிதர்களின் பள்ளத்தாக்கு என்று மேற்கத்தியப் பத்திரிகைகள் புகழ்ந்த அந்தச் சிறு அரசு, லே-யார்கண்ட் வழியில் வணிகர் கூட்டங்களைக் கொள்ளையடித்துப் பேர் வாங்கியது. 1891இல் ஆங்கிலேயர் படை வந்தபோது தப்பியோடிய மீர் சஃப்தர் அலி, தன் தந்தையைக் கொன்று அரியணை ஏறியவர். புனிதர்களின் பள்ளத்தாக்கைவிட இந்தக் கொள்ளைக்காரப் பள்ளத்தாக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. இங்கே மனிதர்கள் இருக்கிறார்கள், பசி இருக்கிறது, கீழே போகிற சரக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள் இருக்கின்றன.

படையெடுப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. வரட்டும். ஆனால் வருகிறவனும் ஏதோ கணக்கோடு வருவான், அவன் படையும் சாப்பிட வேண்டும். லடாக் அரசின் உயிர் சாங்தாங் மேட்டுநிலத்து ஆடுகளின் மென்மயிரில் இருந்தது. காஷ்மீர்ச் சால்வை அதில்தான் நெய்யப்பட்டது. 1684இன் திங்மோஸ்காங் உடன்படிக்கை அந்த மயிர் லடாக் வழியாக மட்டுமே போக வேண்டும் என்று விதித்தது. ஜம்முவின் டோக்ரா தளபதி ஜோராவர் சிங் 1834இல் லடாக்கைப் பிடித்தார். அதற்குள் மயிர் வேறு வழிகளில் ஆங்கிலேயர் எல்லைப் பக்கம் நழுவ ஆரம்பித்திருந்தது. ஊற்றையே பிடித்துவிடலாம் என்று 1841இல் மேற்குத் திபெத்துக்குள் நுழைந்தார். குளிர்காலம் வந்தது. கணவாய்கள் மூடின, உணவு வரவில்லை. விறைத்துப்போன சிப்பாய்கள் துப்பாக்கிக் கட்டைகளை எரித்துக் குளிர் காய்ந்தார்கள். டிசம்பரில் ஜோராவர் சிங் களத்திலேயே கொல்லப்பட்டார். திபெத்தியப் படை லே வரை துரத்தி வந்து, அதுவும் தோற்றுத் திரும்பியது. இத்தனை சாவுக்குப் பிறகு 1842 செப்டம்பரில் இரு தரப்பும் உட்கார்ந்து எழுதிக்கொண்ட உடன்படிக்கையில் பழைய எல்லைகள் இருந்தன, நட்பு பற்றிய சொற்கள் இருந்தன. சால்வை மயிரும் தேயிலையும் பழைய வழக்கப்படி ஆண்டுதோறும் லடாக் வழியாகவே போகும் என்ற வரியும் இருந்தது.